ஓடுகிற எழுத்து

ரயில்வே கேட்டில் பேருந்து நின்று, ஓட்டுநர் இன்ஜினையும் அணைத்த பிறகுதான் பூரணவல்லி அந்தச் சுவரைப் பார்த்தாள். பார்த்ததும் வந்தது சந்தோஷம். அந்த எழுத்தை எங்கே கண்டாலும் அவளுக்கு அப்படித்தான், மூளை படிக்கத் தொடங்குமுன்பே நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிவிடும், திருவிழாக் கூட்டத்தில் பெற்ற பிள்ளையின் முதுகைக் கண்டுகொண்டவளைப் போல. தடித்த எழுத்து, காலை அகட்டி இடத்தை வளைத்துப் போட்டு நிற்கிற எழுத்து, வலது பக்கம் சாய்ந்து இதோ கிளம்பிவிட்டேன் என்கிற எழுத்து. ர-வின் கால் அவள் வெட்டிய அதே கோணத்தில் வெட்டப்பட்டிருந்தது. ண-வின் சுழிகள் அத்தனை தடிமனிலும் மூச்சு முட்டாமல் திறந்திருந்தன. அட, நீ இந்தப் புழுதிக்கும் வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே அவள் கண் ஒரு சுழியிலிருந்து அடுத்த சுழிக்கு இறங்கி, பூ, ர, ண என்று போய், வல்லி என்று முடிந்து, மறுபடி முதலுக்கு வந்தது. பூரணவல்லி. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, கண்ணீர் அஞ்சலி. நடுவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் படம். யாரோ தெரிந்த பெண் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். படத்தின் இந்தப் பக்கம் தோற்றம், அந்தப் பக்கம் மறைவு. தோற்றம் சரியாகத்தான் இருந்தது. மறைவு என்று போட்டிருந்த தேதி, சென்னையில் பதிவாளர் அலுவலகத்தில் அவளும் சேர்மத்துரையும் மாலை மாற்றிக்கொண்ட நாள். கீழே பொடி எழுத்தில், எங்கள் குலத்தில் பிறந்து சாதி கெட்டு ஓடிப்போன அன்றே எங்களைப் பொறுத்தவரை அவள் இறந்துவிட்டாள் என்பதை உற்றார் உறவினருக்கு அறிவித்துக்கொள்கிறோம், இப்படிக்கு அண்ணன் சங்கரபாண்டி மற்றும் குடும்பத்தார்.

கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. துடித்தது. துடிக்காமல் வேறென்ன செய்யும், கழுதை. வாயில் புளித்த எச்சில் ஊறியது, விழுங்கினாள், மறுபடி ஊறியது. அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வந்தது ஒரு கேள்வி, அதுவும் அவளே காறித் துப்பக்கூடிய கேள்வி. கண்ணீர் அஞ்சலிக்கு எந்த மடையனாவது சாய்ந்த எழுத்துப் போடுவானா? இரங்கல் செய்தி என்றால் எழுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும், அசையக் கூடாது, சாவு வீட்டு வாசலில் கை கட்டி நிற்கிற ஆளைப் போல. இது கபடி மைதானத்துக்காக வரைந்த எழுத்து. ஏற்கெனவே அகலமான எழுத்து. அதை அந்த பிளெக்ஸ் கடைக்காரன் மவுஸைப் பிடித்து இன்னும் பக்கவாட்டில் இழுத்திருக்கிறான், நெட்டுக்கோடுகளெல்லாம் வீங்கிப் போய், புள்ளிகள் அவித்த முட்டை மாதிரி சப்பையாகி, போதாததற்கு ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி ஒரு வெள்ளைக் கரை, அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு நிழல். சாவுக்கு யாரடா சிவப்பு நிழல் கேட்டது? காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவாகவும் இருக்காது. கபடிப் போட்டி நடத்தியவர்களுக்கென்று வரைந்து கொடுத்த சில மாதங்களிலேயே எவனோ அதைப் பென்டிரைவில் ஏற்றி ஊர் ஊராகப் பரப்பிவிட்டான், இப்போது காதுகுத்துக்கும் அதுதான், பரோட்டாக் கடைக்கும் அதுதான், தலைவர் பிறந்தநாளுக்கும் அதுதான். அலுவலகத்தில் அவள் கொதித்தபோது மேனேஜர் சிரித்தார். திருடுறான்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம் பூரணி, சந்தோஷப்படு என்றார். சந்தோஷப்பட்டாளே. இப்போதுகூட, இதோ ஒரு நிமிடத்துக்கு முன்னால்கூடச் சந்தோஷப்பட்டாளே. அந்த ஒரு நிமிடத்தை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது, தன் பிணத்தைப் பார்த்துத் தானே கை தட்டியதைப் போல.

ஞ. அந்த ஞ-வைப் பார். சென்னையில் அவர்கள் அலுவலகத்தின் ஏசி ஓடாத மூலையில் உட்கார்ந்து அவள் மற்ற எழுத்துகளையெல்லாம் முடித்த பிறகும் ஞ மட்டும் பிடி கொடுக்கவில்லை. தடிமனாகப் போட்டால் உள்ளே இருக்கிற வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கறுப்புக் கட்டியாகிவிடும், அகலமாக்கினால் வயிறு சரிந்து உட்கார்ந்துவிடும், சாய்த்தால் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் போகும். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்த எழுத்தும் சாயும்தான், ஆனால் அப்படிச் சாய்ந்தது விழப்போகிற எழுத்தாக இருக்கும், ஓடுகிற எழுத்தாக இருக்காது, ஒவ்வொரு வளைவையும் கையால் மறுபடி இழுத்துத்தான் அதற்கு முட்டியும் கணுக்காலும் கொடுக்க முடியும். எத்தனை ஞ வரைந்து அழித்திருப்பாள். சோதித்துப் பார்க்க அஞ்சாதே என்று அடித்துப் பார்த்தாள், நெஞ்சுரம் என்று அடித்துப் பார்த்தாள், வஞ்சம் என்று அடித்துப் பார்த்தாள். அஞ்சலி என்று அடித்துப் பார்க்கத் தோன்றவேயில்லை. போட்டி நடத்தியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எழுத்தைப் பார்த்தாலே எதிராளிக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். அதற்காகத்தான் பயிற்சி மைதானத்துக்குப் போய்த் தரையில் குந்தி, ரெய்டு போகிறவர்களின் உடம்பைக் கோடு கோடாக வரைந்தாள். அதில் ஒருத்தன் கோட்டைத் தாண்டும்போது உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து, விழுந்துவிடுவான் விழுந்துவிடுவான் என்று நினைக்கிறபோது விழாமல் போய்க்கொண்டே இருப்பான். அவன்தான் சேர்மத்துரை. அந்தச் சாய்வுதான் இந்தச் சாய்வு. அவன் முதுகைத்தான் இந்த ஊர்ச் சுவரில் மைதாப் பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறார்கள். பார்த்தாலே வயிற்றைக் கலக்க வேண்டும் என்றார்களே, கலக்குகிறதடா, நன்றாகவே கலக்குகிறது, வரைந்தவளுக்கே கலக்குகிறது.

"மேல பெருசா இருக்கது தெரியுது, கண்ணீர் அஞ்சலி. கீழ பொடிசா என்ன போட்டுருக்கு தாயி?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். வயர்கூடையை மடியில் வைத்து, அதற்குள் பிளாஸ்க்கும் தூக்குச்சட்டியும் வைத்து, கூடைக் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்த ஐம்பது வயது அம்மாள். பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாக வருகிறார்கள், வீட்டுக்காரருக்குக் கண் ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன் என்று ஏறியதுமே சொல்லியிருந்தாள்.

"தெரியல," என்றாள் பூரணவல்லி.

"கண்ணாடி போட்டுருக்கியே, படிச்சுச் சொல்லக் கூடாதா? எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

"பூரணவல்லின்னு போட்டிருக்கு."

"வயசு?"

"சின்ன வயசுதான்."

"எப்படிச் செத்தாளாம்?"

"அது போடல."

"தூக்குப் போட்டிருப்பா. இந்தக் காலத்துக் கழுதைகளுக்கு வேற என்ன தெரியும்," என்று அந்த அம்மாள் உச்சுக் கொட்டிவிட்டுச் சுவரையே பார்த்தாள். "மூஞ்சி நல்லா லெச்சணமாத்தான் இருக்கா."

நல்ல லட்சணம். அந்த லட்சணம் அரை முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, உனக்குத் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று ஒரு மனமும், ஏன் தெரியவில்லை, ஏன் இவளுக்குத் தெரியவில்லை என்று இன்னொரு மனமும் அவளுக்குள் இழுத்துக்கொண்டன. சடை போன வருடமே போய்விட்டது, இப்போது கழுத்தோடு வெட்டிய முடி, கண்ணாடி, சுடிதார். இருந்தாலும் கன்னத்து மச்சம் இருக்கிறதே. துப்பட்டாவை இழுத்துக் கன்னத்தை மூடினாள், மூடியதுமே, மூடுகிறவளைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள் என்று பயம் வந்து விலக்கினாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நாலைந்து பேர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்கள். அதில் சிவப்பு பனியன் போட்டவன் பேருந்தைப் பார்த்தான். பேருந்தைத்தான் பார்த்தானா. சங்கரபாண்டியின் கூட்டாளிகள் எல்லோருடைய முகமும் அவளுக்குத் தெரியும், இவன் முகம் தெரியவில்லை, ஆனால் இவன் முகம் தெரியாததனால் இவனுக்கு அவள் முகம் தெரியாமல் போய்விடுமா? அந்தச் சுவரொட்டியை ஒட்டியது யார் கை? தினம் இந்த வழியாகப் போகிற எத்தனை பேர் டீயை ஊதிக்கொண்டே அவள் சாவைப் படித்திருப்பார்கள்? ஓரமெல்லாம் வெயிலில் வெளுத்துச் சுருண்டிருந்தது, நேற்று ஒட்டியதில்லை. இத்தனை நாளாக இந்த ஊரில் அவள் செத்துக் கிடந்திருக்கிறாள், அங்கே சென்னையில் அவள் பாட்டுக்கு ரசம் வைத்துக்கொண்டும் துணி காயப்போட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரியும். தெரியாமல் இருக்காது. நேற்று அம்மா போனில் பேசியபோது குரலை அடக்கி, பின்னால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் பேசினாள். நாளைக்கு எனக்குக் கண்ணு ஆப்பரேசன், நீ ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ, சங்கரன் மத்தியானம் கடைக்குப் போயிருவான், சத்தங்காட்டாம வந்து பாத்துட்டுப் போயிரு. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா வா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது அம்மாதானா? அம்மா குரல்தான், ஆனால் அம்மா குரலுக்குப் பின்னால் யாராவது நின்று, ம், சொல்லு, மத்தியானம்னு சொல்லு என்று கண்ணைக் காட்டியிருந்தால்? எத்தனை செய்தி படித்திருக்கிறாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டு, போன பெண் திரும்பாமலே போனதாக. சேர்மத்துரை நானும் வாரேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான், நீ வந்தா உன்னை வெட்டுவாங்க, என்னை வெட்ட மாட்டாங்க என்று சொல்லித் தடுத்துவிட்டு வந்தாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள்? செத்தவள் என்று ஊருக்கே அறிவித்துவிட்ட ஒருத்தியைக் கொல்ல எவ்வளவு நேரம் ஆகும், காகிதத்தில் முடித்த வேலையில் பாக்கியை முடிப்பதுதானே. இறங்கிவிடலாம். கேட் திறக்கும்முன் இறங்கி, எதிரே வருகிற வண்டியில் ஏறி, திரும்பிப் போய்விடலாம். ஆனால் இறங்கினால் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். தன் படத்துக்குக் கீழே தன் காலால் நடந்துபோக வேண்டும். உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் அணைந்த பேருந்துக்குள் வெக்கை ஏறி, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு குழந்தை இடைவிடாமல் சிணுங்கியது. ஒரு அறை விட்டால்தான் என்ன என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே வெறுத்தாள், வெறுப்பும் அதிக நேரம் நிற்கவில்லை, மறுபடி எழுத்துக்கே போனது.

ஓடுகிற எழுத்து. ஓடிப்போனவளுக்கு ஓடுகிற எழுத்து. ஓடுகாலி. சங்கரபாண்டி தெரிந்தேதான் செய்திருக்கிறான். கடைக்காரன் நிமிர்ந்த எழுத்தைத்தான் முதலில் காட்டியிருப்பான். இவன் கணினித் திரைக்குப் பக்கத்தில் நின்று, இது வேண்டாம்ணே, வேற காட்டுங்க, வேற, வேற என்று கீழே இறங்கி இறங்கி இதைப் பார்த்ததும், இதுதான் என்றிருப்பான். எம் தங்கச்சி போட்ட எழுத்துண்ணே இது, அவளுக்கு இதுலயே போடுங்க. அவனுக்கு எழுத்து தெரியும். அவளுடைய எழுத்து அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவன் கிரிக்கெட் டீமுக்குப் பேனர் எழுதிக் கொடுத்தது யார்? அவன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது காடாத்துணியை வீட்டு நடுக்கூடத்தில் விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து, அவள் படுத்துக்கொண்டே எழுதினாள், அவன் பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நகர நகரக் கூடவே நகர்ந்தான். குண்டா எழுதுட்டி, இன்னும் குண்டா, அடுத்த தெருக்காரன் பாத்து மிரளணும் என்றான். அப்போதும் இதைத்தான் கேட்டிருக்கிறான், பார். அவள் எழுதியது காற்றடித்ததைப் போல ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, கை அசந்து போனதால். ஐயோ கோணிப்போச்சே என்று அவள் அழப் பார்த்தபோது, கோணல் இல்லட்டி, ஓடுத மாதிரி இருக்கு, சூப்பரா இருக்கு என்று தோளில் தட்டியவன் அவன்தான். ஓடுத மாதிரி இருக்கு. அவன் சொன்ன வார்த்தை. அப்படியானால் அவன் மறக்கவில்லை. மறக்காமல்தான், அந்த நடுக்கூடத்தையும் பெயிண்ட் வாசனையையும் நினைவில் வைத்துக்கொண்டேதான், கூர் பார்த்து எடுத்து அவள் மேல் எறிந்திருக்கிறான். உன் கையால் செய்ததிலேயே உனக்குச் சமாதி. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது, அந்த ஆத்திரத்துக்கு அடியில் வெட்கங்கெட்ட ஒரு ஆறுதலும் இருந்தது. அவனுக்குத் தெரியும். இந்த எழுத்து யாருடையது என்று இந்த ஊரில் ஒருத்தனுக்காவது தெரியும்.

கேட்டாக வேண்டும் போல் இருந்தது. கேட்கக் கூடாது என்று அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டது. அம்மா எடுத்தால் வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம், அவன் கிளம்பிவிட்டானா என்று கேட்கலாம், அதைவிட்டு வேறொன்றும் பேச வேண்டாம் என்று ஒரு ஒழுங்கு செய்துகொண்டாள். மணி அடித்தது, நெடுநேரம் அடித்தது.

"சொல்லுங்க டெய்லரக்கா," என்றது சங்கரபாண்டியின் குரல். "அம்மாவுக்குக் கட்டுப் போட்டுருக்கு, படுத்திருக்காங்க. பிளவுஸ் பத்தின்னா அடுத்த வாரம் பேசிக்கிடுங்களேன்."

அம்மா அவள் எண்ணை டெய்லரக்கா என்று போட்டு வைத்திருக்கிறாள். அப்படியானால் பொறி இல்லை, யாரும் பின்னால் நிற்கவில்லை, அம்மா அவனுக்குத் தெரியாமல்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவனும் கடைக்குப் போகவில்லை, அங்கேதான் இருக்கிறான். சரிங்க தம்பி என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தால் அம்மாவின் அந்தச் சின்னத் தந்திரம் பிழைத்திருக்கும். எவ்வளவு பணிவாகப் பேசுகிறான். யாரோ ஒரு தையல்காரிக்கு இவ்வளவு பணிவு இருக்கிறது இவன் தொண்டையில்.

"கேட்டுப் பக்கத்துல ஒரு போஸ்டர் பாத்தேன்," என்றாள்.

"எந்தப் போஸ்டர்? யாருங்க பேசுறது?"

"அந்த எழுத்தை எடுத்துக் குடுத்தது யாரு? நீயா?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"சொல்லு. ஓடுத மாதிரி இருக்கே, அந்த எழுத்து. நீதான அதைப் போடச் சொன்ன?"

"ஏட்டி," என்றான். குரல் முழுக்க மாறிவிட்டது. "எந்த எழுத்து? என்னட்டி எழுத்து? பிளெக்ஸ் கடைக்காரன் எதையோ போட்டுக் குடுத்தான். எங்க இருந்து பேசுத நீ?"

"அது நான் வரைஞ்சது."

"எது?"

"எழுத்து. அந்த எழுத்தை நான் வரைஞ்சேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? எழுத்தை எவளாவது வரைவாளா? செத்தவகிட்ட எனக்குப் பேச்சு கிடையாது. டெய்லரக்காவாம்ல, டெய்லரக்கா. அந்தக் கிழவியை நான் பாத்துக்கிடுதேன். இந்தப் பக்கம் காலை வச்சுப் பாரு, தெரியும்."

வைத்துவிட்டான். போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் அவள் அப்படியே பிடித்திருந்தாள். தெரியாது. அவனுக்குத் தெரியவே தெரியாது. கூர் பார்க்கவில்லை, எடுக்கவில்லை, எறியவில்லை. அவள் வாழ்க்கையில் அவள் மட்டுமே செய்த ஒரே காரியம் அவன் கண் முன்னால் ஆள் உயரத்துக்கு நின்றபோது அவன் அதன் வழியாக அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறான், கண்ணாடி ஜன்னலைப் போல. வெறுப்பென்றால் அதிலாவது ஒரு கவனம் இருக்கும் என்று நினைத்தாள், அதுகூட இல்லை. கடைக்காரன் எதையோ போட்டான். எழுத்தை எவளாவது வரைவாளா. நடுக்கூடம், செங்கல், பெயிண்ட் டப்பா எல்லாம் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது, அவனிடம் இல்லை, அவன் அதையெல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டான். அதுவரை வராத அழுகை அப்போது வரப் பார்த்தது. கூடவே இன்னொன்று வந்து அதை உதைத்துத் தள்ளியது. கிழவியை நான் பாத்துக்கிடுதேன். அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறவளை, இரண்டு வார்த்தைப் பெருமைக்காக, இது நான் வரைந்தது என்று எவனிடமோ சொல்ல வேண்டும் என்ற அரிப்புக்காகக் காட்டிக்கொடுத்துவிட்டாள். இனித் திரும்பிப் போக முடியாது. அதுவரை போகலாமா வேண்டாமா என்று உருட்டிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் நின்றுபோயிற்று. 

சரக்கு ரயில் வந்தது. நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை மறைத்து மறைத்துப் போயின. இரைச்சலில் பக்கத்து அம்மாள் அவள் காதருகே குனிந்து, "யாருகிட்டட்டி சண்டை போட்ட?" என்று கத்தினாள்.

"எங்க அண்ணன்கிட்ட."

"என்ன விசயம்?"

"அந்தப் போஸ்டர்ல இருக்கது நான்தான்."

அம்மாளுக்கு முதலில் காது கேட்கவில்லை. கேட்டபோது ரயிலும் முடிந்திருந்தது, சுவர் மறுபடி தெரிந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மச்சத்தில் வந்து கண் நின்றது. "உசுரோட இருக்கவளுக்கா அடிச்சு ஒட்டிருக்கான்!" என்று வாயைப் பொத்தினாள். அந்த ஒரு நொடி பூரணவல்லிக்கு அவள் மடியில் தலையை வைத்துவிடலாம் போல் இருந்தது. பேருந்து உறுமிக் கிளம்பியது. அம்மாள் சற்று யோசித்துவிட்டு, குரலை இறக்கி, "பையன் என்ன ஆளுக?" என்று கேட்டாள்.

பூரணவல்லி சொன்னாள். மென்று விழுங்காமல், தெளிவாக, முன்சீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மாள் வயர்கூடையைத் தூக்கி, பூரணவல்லியின் முழங்கையில் உரசிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். பிளாஸ்க்கின் மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வையடி, வை, உன் வீட்டுக்காரன் குடிக்கிற காபியில் என் முழங்கை பட்டுவிடாமல் வை என்று பூரணவல்லி மனசுக்குள் சொன்னாள், சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் வடிந்துகொண்டே வந்தது. ஆச்சரியமாக இருந்தது. வெறுப்பு இவ்வளவு நல்ல ஊன்றுகோலாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

கண் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மத்தியான வெயில் சிமெண்ட் தரையில் தகித்தது. படியில் சங்கரபாண்டி நின்றிருந்தான். வாசலைக் காவல் காக்கவே இறங்கி வந்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. கையில் மருந்துப் பை. முன்பைவிடச் சதை போட்டிருந்தான், முன்னந்தலையில் முடி கழிந்திருந்தது. அவளைப் பார்த்தான், ஒரு படி இறங்கினான், நின்றான். சுற்றிலும் நிழலைத் தேடி ஒண்டியிருந்த கூட்டம், ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய கிழவர்கள், ஆட்டோக்காரர்கள், அவன் கடைக்கு வந்து போகிற இரண்டொரு முகங்கள். அவனுக்கு அவளைத் தடுக்க வேண்டும், தடுக்க வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். தாடை அசைந்தது. ஊரெல்லாம் செத்துவிட்டாள் என்று எழுதி ஒட்டியவன், அத்தனை பேர் முன்னால் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்? அவள் அவன் பக்கத்தில், சட்டைக்கு அடித்திருந்த சென்ட் வாசனை வருகிற தூரத்தில், படியேறிப் போனாள். முதுகில் ஒரு கை விழும், இதோ விழும் என்று தோள்பட்டை இறுகி இறுகிக் காத்திருந்தது. செருப்புச் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது.

பெண்கள் வார்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். "யாரைப் பாக்கணும்?"

"சண்முகத்தாய். இன்னைக்குக் காலையில ஆப்பரேசன்."

"நீங்க?"

"மக."

நர்ஸ் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். "ஏன் சார், வீட்டுல பொம்பளையாளே இல்லைன்னீங்க? அந்தம்மாவைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போகக்கூட ஆளில்லாம நான் அல்லாடிட்டு இருக்கேன். இவங்க உங்க தங்கச்சியா?"

சங்கரபாண்டி மருந்துப் பையைக் கை மாற்றினான். "எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாது," என்றான். மெதுவாகத்தான் சொன்னான், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள்.

நர்ஸின் முகம் மாறியது. "அப்ப யாரும்மா நீங்க? தெரியாத ஆளையெல்லாம் உள்ள விட முடியாது."

தான் யாரென்று காட்ட என்ன இருக்கிறது, பையில் ஆதார் அட்டை இருக்கிறது, அதில் சேர்மத்துரையின் பெயர் ஏறிவிட்டது, அப்பா பெயர் இல்லை. பூரணவல்லி பையைத் துழாவினாள், சீப்பு வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, அட்டை வரவில்லை.

"அங்க யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குழாய்ச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து பேசிய குரலில்லை, வார்டு முழுவதும் கேட்கிற குரல். "யாரு, பூரணியா? ஏ பூரணி!"

"நான்தாம்மா," என்றாள்.

நர்ஸ் சங்கரபாண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு கட்டியிருக்கவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். அப்புறம் ஸ்டூலை இழுத்து வழிவிட்டாள். "நீங்க போங்கம்மா. சார், நீங்க வெளிய இருங்க, இது பொம்பளைங்க வார்டு. ஒரு ஆளுக்குத்தான் அனுமதி."

"இல்ல சிஸ்டர், அவ வந்து..." என்று அவன் தொடங்கினான். அவ என்று சொல்லிவிட்டதை அவனே கேட்டு, அதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டான்.

அம்மா சுவரோரக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு, மறுகண்ணும் சரியாகத் திறக்கவில்லை. கையைக் காற்றில் நீட்டி, துழாவி, பூரணவல்லியின் கழுத்தைத் தொட்டு, வெட்டிய முடியைத் தொட்டு, பின்னால் தடவி மீதி எங்கே என்று தேடினாள். "எல்லாத்தையும் வெட்டிப்புட்டியா, மூதேவி," என்றாள். பின் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கட்டிலில் சற்று நகர்ந்து இடம்விட்டாள்.

"உக்காரு. அவன் நிக்கட்டும்."